இரண்டாம் தடவை கேட்காதவர்கள்

"எனக்கு இல்லேன்னுட்டாவ, மிஸ்."

ஆசிரியர் அறை வாசலில் நின்றபடியே சொன்னாள் தங்கபுஷ்பம்.

வயது முப்பத்தாறு. பகலில் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு, சாயங்காலம் மாலைக் கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு. அவளுக்குப் பாடம் எடுக்கும் ஜெசிந்தாவுக்கோ இன்னும் முப்பது ஆகவில்லை. குரு சிஷ்யையை அக்கா என்பாள், சிஷ்யை குருவை மிஸ் என்பாள். இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

"உள்ள வாங்க அக்கா. யாரு இல்லேன்னது?"

"மாடியில, உதவித்தொகை குடுக்கிறவிய."

"என்ன கேட்டாவ?"

"கட்டணம் கட்ட ரொம்பச் சிரமமா இருக்காம்மான்னு கேட்டாவ."

"நீங்க என்ன சொன்னிய?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல ஐயா, எப்படியாவது சமாளிச்சுக்கிடுவேன்னேன்."

"அதுக்கு?"

"ரொம்ப சந்தோஷம்மான்னு சொல்லிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாவ."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"நெசமாவே சமாளிச்சுக்கிடுவியளா?"

"எங்க மிஸ்? வீட்டுக்காரருக்கு ஆப்பரேஷன் செஞ்சதுல கையில இருந்ததெல்லாம் போயிட்டு. நாளைக்குக் கட்டலேன்னா பேரை எடுத்துருவாவ. அம்புட்டுதான் என் படிப்பு."



ஜெசிந்தா மேசைமேல் இருந்த பிளாஸ்கைத் திறந்தாள்.

"டீ குடிக்கியளா அக்கா?"

"ஐயோ, வேண்டாம் மிஸ். இப்பதான் குடிச்சேன்."

பச்சைப் பொய். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவள் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை.

ஜெசிந்தா தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு பிளாஸ்கை மூடினாள்.

இஞ்சி மணம் அறையெல்லாம் பரவியது. தங்கபுஷ்பம் காத்திருந்தாள்.

சின்ன வயதில் பக்கத்து வீட்டில் முறுக்கை நீட்டினால் முதலில் அம்மாவின் கண்ணைப் பார்க்க வேண்டும். வேண்டாம்னு சொல்லு என்று கண் சொல்லும். இவளும் சொல்லுவாள். அந்த வீட்டு அத்தை விடமாட்டாள். "அட, பிடி புள்ள!" என்று கையில் திணித்துவிடுவாள். மானத்துக்கு மானமும் ஆச்சு, முறுக்குக்கு முறுக்கும் ஆச்சு.

ஜெசிந்தா சாவகாசமாக டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். மிஸ் இப்படிக் கல்நெஞ்சுக்காரியாக இருப்பாள் என்று தங்கபுஷ்பம் நினைத்ததே இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"என்ன மிஸ், இன்னொரு தடவை கேக்க மாட்டியளா?"

"எதுக்கு அக்கா? நீங்கதான் வேண்டாம்னுட்டியளே."

தங்கபுஷ்பம் அவளையே பார்த்தாள். ஜெசிந்தா கூரையைக் காட்டினாள். மேலே நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

"கிளம்புதாவ போல," என்றாள்.

தங்கபுஷ்பம் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

மாடியில் மற்றவர்கள் போய்விட்டார்கள். கேள்வி கேட்ட அந்தப் பெரியவர் மட்டும் கண்ணாடியைக் கூட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, எதையும் மறந்து வச்சிட்டியா?"

"ஒண்ணுமில்ல ஐயா" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்குவதற்குள் அவளுக்கு வியர்த்துப்போனது.

"என்னால சமாளிக்க முடியாது ஐயா. எனக்கு வேணும்."

சொன்னதும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் இல்லை.

பெரியவர் பதறிப்போனார்.

"இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"எங்க வீட்டுல அப்படிச் சொல்லிப் பழக்கல ஐயா."

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுலயுந்தாம்மா," என்றார்.