மீதியின்றிப் பெற்றுக்கொண்டேன்

எழுத்தில் இதுவே எனது முதல் முயற்சி. கதை சொல்வதில் தேர்ந்த பெரியோர் பலர் இருக்க, அவர்கள் முன் வாய் திறக்கத் துணிந்ததற்கு முதற்கண் மன்னிப்பு வேண்டுகிறேன். விகடக் கதை என்றால் வாசிப்பவர் சிரிக்க வேண்டும் என்பதை அறிவேன். இந்தக் கதையிலும் ஓர் அவை சிரிக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பு சற்று நீண்டுவிடுகிறது. சொன்ன முறையில் குறை இருந்தால் அது கதையினுடையது அன்று, என்னுடையது. பொறுத்தருள வேண்டும்.

முன்னொரு காலத்தில், ஒரு பெரிய ஆற்றின் தென்கரையில் தலைநகரை வைத்துக்கொண்டு ஒரு மன்னர் ஆண்டுவந்தார். நல்லவர்தாம். ஆனால் காலையில் ஒன்று மனத்தில் தோன்றினால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். அவருடைய அவையில் வெண்காடன் என்னும் விகடன் இருந்தான். விகடனாவதற்கு முன் அவன் அந்த ஆற்றில் பன்னிரண்டு ஆண்டுகள் பரிசல் ஓட்டியவன்.

மன்னர் இளவரசராக இருந்தபோது ஒருநாள் அவனுடைய பரிசலில் ஏறி, உட்கார மறுத்து நின்றாராம். வெண்காடன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "ஆற்றுக்கு யார் நிற்கிறார் என்று தெரியாது, பிரபு. எடை எங்கே இருக்கிறது என்றுதான் தெரியும். உட்காருங்கள்" என்றான். இளவரசர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். மறுகரை சேர்ந்ததும் அவனைக் கையோடு அரண்மனைக்கு அழைத்துப் போய்விட்டார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் வெண்காடன் அவையில் சிரிப்பு மூட்டினான். எதிரே இருப்பவர் யாராயினும் உள்ளதைச் சொல்லிவிடுவதே அவனுடைய விகடமாக இருந்தது.

அந்த ஆண்டு துறையமைச்சர் காலமானார். ஆற்றுத்துறைகள், சாலைகள், ஏரிக்கரைகள் ஆகியவற்றைக் கவனிப்பது அவருடைய பொறுப்பு. மறுநாள் காலையில் மன்னருக்கு ஒன்று தோன்றியது.

"வெண்காடா, இனி நீதான் துறையமைச்சன்."

அவை திகைத்தது. எல்லாரையும் விடத் திகைத்தவர் பிரதானி கொழுந்தப்பர். அரண்மனை நிர்வாகம் முழுவதும் அவர் கையில். அந்தப் பதவியைத் தம் மருமகனுக்கு என்று அவர் மனத்துக்குள் முடித்து வைத்திருந்தார். எனினும் முகம் வாடாமல் எழுந்தார்.

"அரசே, அருமையான தேர்வு. சிறிய விண்ணப்பம் ஒன்று. அமைச்சர் ஆசனத்தில் அமைச்சர்தாம் உட்கார வேண்டும். பாதி அமைச்சர், பாதி பரிசல்காரன், நடுவில் கொஞ்சம் கோமாளி என்று உட்கார்ந்தால் அயல்நாட்டுத் தூதர்கள் என்ன நினைப்பார்கள்? பழைய வெண்காடனை முழுவதுமாகக் கழற்றி வைத்துவிட்டு வரட்டும். தொப்பி, சலங்கை, ஆற்றங்கரைப் பேச்சு, நுரையைப் பார்த்துக் குறி சொல்வது, எல்லாவற்றையும்."

மன்னருக்கு இது வேடிக்கையாகப் பட்டது. "அப்படியே ஆகட்டும். நாளை முதல் பழைய வெண்காடனில் ஒரு துளி இந்த அவையில் தென்பட்டாலும் பதவியும் போகும், நாட்டைவிட்டும் போக வேண்டும்" என்று ஆணையிட்டார்.

மறுநாள் பிரதானியின் அறைக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. வெண்காடன் தொப்பியை வைத்தான், சலங்கையை வைத்தான், பழைய துடுப்பைக் குறுக்காக வைத்தான். பிறகு கை கட்டி நின்றான்.

"இன்னும் என்னப்பா?" என்றார் பிரதானி.

"அரண்மனையில் ஒரு பொருள் கைமாறினால் ஓலையில் எழுதி முத்திரை வைத்துத் தரும் வழக்கம் தாங்கள் ஏற்படுத்தியது அல்லவா, பிரதானியாரே? போன மாதம் சமையற்கட்டுக்கு ஓர் அகப்பை கொடுத்ததற்குக்கூட ஓலை எழுதினார்கள்."

"எழுதித் தருகிறேன். ஒரு தொப்பி, ஒரு சோடி சலங்கை, ஒரு துடுப்பு."

"அவ்வளவு மட்டும் எழுதினால், ஆற்றங்கரைப் பேச்சை மறைத்து வைத்துக்கொண்டேன் என்று நாளை யாராவது சொல்வார்களே."

கொழுந்தப்பருக்கு அன்று வேலை அதிகம். "சரி சரி. 'பழைய வெண்காடனை மீதியின்றிப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதுகிறேன். போதுமா?"

"இதைவிட நிறைவாக யாராலும் எழுத முடியாது" என்றான் வெண்காடன். முத்திரை விழுந்தது. ஓலையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டான்.

அமைச்சரானவரை இனி 'அவர்' என்று எழுதுவதே முறை. வெண்காடர் பட்டுச் சால்வை போர்த்தி அவைக்கு வந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். தூதர்கள் மெச்சினார்கள். இதில் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது: அந்தப் பதவி அவருக்குப் பிடித்திருந்தது. ஓலையில் ஒரு வரி எழுதினால் உடைந்த படித்துறை ஒன்று சரியாகிறது என்பதை அவர் வியப்போடு கற்றுக்கொண்டார். பத்தே நாளில் பழுதான மதகு ஒன்றைச் செப்பனிட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் துடுப்புப் போட்டும் செய்ய முடியாத வேலை அது. அந்த ஆசனத்தை இழக்க அவருக்கு மனம் வரவில்லை.

பதினோராம் நாள், இளவரசிக்கு வடகரையில் நிச்சயதார்த்தம். சீர்வரிசையை ஏற்றிய பரிசல் முன்னே செல்ல, மன்னரின் பரிசல் பின்னே செல்வதாக ஏற்பாடு. விடிந்ததும் வெண்காடர் துறைக்குப் போனார். சீர்வரிசைப் பரிசலைச் சடையன் கழுவிக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே பரிசலில் தொழில் பழகியவர்கள். சடையன் எழுந்து தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டினான்.

"வாங்க ஐயா."

"என்னையா ஐயா என்கிறாய்?"

"வேற எப்படிக் கூப்பிடறது? பிரதானி வீட்டு ஆளு வந்து சொல்லிட்டுப் போனான். 'டேய்' போட்டா முதுகுத்தோல் உரிஞ்சிடுமாம். சால்வை நல்லாத்தான் இருக்குது. வேர்க்கலையா?"

வெண்காடர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரையோரமாக நுரை வந்தது. நுரையோடு பச்சைத் தழை வந்தது. அப்போதுதான் முறிந்த கிளைகள், இலை வாடவில்லை.

"பாத்தீங்களா?" என்றான் சடையன். "மேலே மலையில கொட்டியிருக்குது. ரெண்டு மூணு நாழிகையில இங்க இறங்கிடும். நான் சொன்னா யாரு கேக்கறா? நல்ல வேளை தவறிடும்னு விரட்டறாங்க. நீங்க அவைக்குத்தானே போறீங்க, ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"சொல்கிறேன்."

ஆறு கெட்டிருப்பதை முதலில் கண்ட பரிசல்காரன் கரையைப் பார்த்து மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது அந்தத் துறையின் வழக்கம். கரையில் அரசன் நின்றாலும் ஆட்டுக்காரன் நின்றாலும் சொல்லியாக வேண்டும். வெண்காடர் வாயைத் திறந்தார். படித்துறை மேல் பிரதானியின் ஆள் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் வாயை மூடிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தார்.

அவையில் எல்லாரும் புறப்படும் கோலத்தில் இருந்தார்கள். மன்னர் கேட்டார்: "துறையமைச்சரே, ஆறு எப்படி இருக்கிறது? புறப்படலாமா?"

பிரதானி மெல்லிய குரலில் குறுக்கிட்டார். "அமைச்சர் யோசித்துச் சொல்லட்டும், அரசே. ஏட்டைப் பார்த்துச் சொன்னால் அமைச்சர். நுரையைப் பார்த்துச் சொன்னால் பரிசல்காரன். பரிசல்காரன் இங்கே தென்பட்டால் தங்கள் ஆணை என்ன என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும்."

உள்ளதைச் சொன்னால் பதவியும் நாடும் போகும். சொல்லாவிட்டால் மன்னர் வெள்ளத்தில் இறங்குவார். வெண்காடரின் கை இடுப்புக்குப் போனது.

"அரசே, ஆற்றைப் பற்றிய அறிவு என்னிடம் இல்லை. பத்து நாளைக்கு முன்பே ஒப்படைத்துவிட்டேன். பெற்றுக்கொண்டவர் அவையில்தான் இருக்கிறார். அவரைக் கேட்பதே முறை."

ஓலையைப் பிரித்து நிதானமாக வாசித்தார். "'பழைய வெண்காடனை மீதியின்றிப் பெற்றுக்கொண்டேன். இங்ஙனம், கொழுந்தப்பர், பிரதானி.' முத்திரையும் இருக்கிறது."

மன்னரின் மீசை அசைந்தது. "என்ன பிரதானியாரே, ஆறு உம்மிடம் இருக்கிறதாமே. எங்கே, சொல்லும்."

"அது வெறும் பெட்டி, அரசே. உள்ளே ஒரு தொப்பியும் ஒரு துடுப்பும்தான்..."

"அப்படியானால் மீதி இருக்கிறது என்கிறீர்களா?" என்றார் வெண்காடர், மிகுந்த பணிவோடு. "பிரதானியார் முத்திரை வைத்துப் பொய் ஓலை எழுதினார் என்று ஆகிவிடுமே. அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை."

அவையில் சிரிப்பு கிளம்பியது. பொய் ஓலை என்று ஒப்புக்கொள்வதைவிட வேறு எதுவும் மேல் என்று அந்த நொடியில் கொழுந்தப்பருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நான் சொல்கிறேன். ஆறு நன்றாக இருக்கிறது" என்றவர், வாசலில் நின்ற சேவகனைப் பார்த்து, "சீர்வரிசைப் பரிசலை எடுக்கச் சொல்" என்றார். சேவகன் ஓடினான்.

அவன் ஓடியதை வெண்காடர் பார்த்தார். அப்போதே எழுந்து கத்தியிருக்கலாம். ஆனால் அவை வாய் திறந்து காத்திருந்தது. மன்னர் முன்னால் சாய்ந்திருந்தார். தொடங்கிய விகடத்தை முடிக்காமல் விடும் பழக்கம் ஒன்பது ஆண்டுகளில் அவருக்கு ஏற்பட்டதில்லை.

"ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், அரசே. 'ஆறு நன்று' என்று சொல்பவர் பரிசலில் முதல் ஆளாக ஏறி உட்கார வேண்டும் என்பது துறை வழக்கம். அந்த வழக்கமும் பெட்டியில்தான் இருக்கிறது. ஆகவே பிரதானியாருக்கு நீந்தத் தெரியுமா என்று மட்டும் தயைகூர்ந்து கேட்டுச் சொல்லுங்கள்."

மன்னர் சிரித்தார். மகுடம் சரிய, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். தூதர்கள் சிரித்தார்கள், கவரி வீசுவோர் கவரியைத் தாழ்த்திவிட்டுச் சிரித்தார்கள். கொழுந்தப்பர் எழுந்து நின்று கை குவித்தார். "எனக்கு ஆறு தெரியாது, அரசே. அந்த ஓலையில் எழுதியது உண்மை அன்று."

அப்போது துறையிலிருந்து முரசு கேட்டது. பரிசல் புறப்பட்டதற்கான முரசு.

வெண்காடர் ஓடினார். சால்வை எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. படித்துறையில் நின்று, பன்னிரண்டு ஆண்டுகள் பழகிய குரலில், "ஆறு கெட்டிருக்கு, ஆறு கெட்டிருக்கு, ஆறு கெட்டிருக்கு" என்றார். மூன்றாவது முறை சொன்னபோது தண்ணீரின் நிறம் மாறிவிட்டது. பரிசல் நடு ஆற்றில் இருந்தது. அது இரண்டு முறை சுழன்று, ஆற்றுக்குள் நிற்கும் கல்மண்டபத்தின் தூணில் மோதிப் பிளந்தது. தூணைக் கட்டிக்கொண்டு தொங்கிய சடையனைக் கயிறு வீசி இழுத்தவர்களில் வெண்காடரும் ஒருவர். பரிசலுக்கும் தூணுக்கும் நடுவே அகப்பட்ட அவனுடைய வலது கை தோளிலிருந்து நசுங்கியிருந்தது. உயிர் இருந்தது.

மறுநாள் அவை கூடியது. மன்னர் முதலில் தம் ஆணையைத் திரும்பப் பெற்றார். துறையில் உட்கார்ந்து ஆற்றைக் கற்றுக்கொள்ளும்வரை அவைக்கு வர வேண்டாம் என்று கொழுந்தப்பரை அனுப்பினார். பிறகு, "நீந்தத் தெரியுமா" என்ற கேள்வி நினைவுக்கு வரவே, தம்மை அறியாமல் மீண்டும் சிரித்தார். ஆற்றங்கரை மாளிகை ஒன்றை வெண்காடருக்குப் பரிசாக அறிவித்தார்.

"மாளிகையைச் சடையனுக்குத் தர வேண்டுகிறேன், அரசே. எனக்குப் பெட்டியில் இருக்கும் துடுப்பு போதும்."

"தொப்பி? இனி விகடன் இல்லையா?"

"இருக்கிறான். ஆனால் அவன் இனி இரண்டாவதாகப் பேசுவான். பரிசல்காரன் முதலில் பேசுவான். அமைச்சன் அதை எழுதி வைப்பான். நேற்று இந்த வரிசை தவறிவிட்டது."

மன்னரின் சிரிப்பு நின்றது. தலையை மட்டும் அசைத்தார்.

அன்று பிற்பகல் வெண்காடர் சடையனின் வீட்டுக்குப் போனார். அவனுடைய நசுங்கிய கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள்.

"டேய் வெண்காடா. உன்கிட்டதானேடா சொன்னேன்."

"ஆமாம்."

"பின்னே?"

"அவை சிரித்துக்கொண்டிருந்தது."

சடையன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "நல்லா சிரிச்சாங்களா?"

"நன்றாகச் சிரித்தார்கள்."

வீடு திரும்பியதும் துறையமைச்சர் வெண்காடர் ஓர் ஓலை எழுதினார். அதை யாரும் கேட்கவில்லை. துறையின் ஏடுகளோடு சேர்த்துக் கட்டி வைத்தார். அதில் உள்ளபடியே கீழே தருகிறேன். சேர்க்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆறு கெட்டிருந்தது துறையமைச்சருக்கு விடியற்காலையிலேயே தெரியும். சொல்லவில்லை. அதனால் போனவை:

பெரிய பரிசல் ஒன்று. துடுப்பு ஒன்று. குத்துவிளக்கு நான்கு. பட்டுப்புடவை பதினாறு. சந்தனக்கட்டை ஒரு மூட்டை. நிச்சயதார்த்தத்துக்குக் குறித்த நல்ல வேளை. சடையனின் வலது கை.