முதலில் தண்ணீர்

மேலாண்மைக் கல்லூரி நேர்காணல் அறையின் ஏசி குளிரில், நாற்பத்தெட்டு வயதுச் செங்கோடனுக்குப் பழைய பனிமலையும் மணிச்சத்தமும் கனவுபோல மிதந்து வந்தன. பட்டாளத்தில் கழுத்தில் மணி கட்டிய கோவேறு கழுதைகளை மலையேற்றியவர் அவர்.

பேராசிரியர் கனகசபாபதி இரைந்தார். "இந்த வயசுல எம்பிஏவா? உத்தரவுக்கு மசியாதவங்கள எப்படி வேலை வாங்குவீங்க? இப்பவே செஞ்சு காட்டுங்க!"

செங்கோடன் தண்ணீர் டம்ளரை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார். கத்திக் களைத்த பேராசிரியர் மடமடவெனக் குடித்துவிட்டுச் சாந்தமாகச் சாய்ந்தார். "ம், சொல்லுங்க."

"கோவேறு கழுதைக்கு உத்தரவு புரியாதுங்க ஐயா. முரண்டு பிடிச்சா அதட்ட மாட்டோம். முதல்ல தண்ணி வைப்போம். குடிச்சதும் தானா வழிக்கு வந்துரும்."

பக்கத்திலிருந்த பேராசிரியை குபீரென்று சிரித்தார். கனகசபாபதி தன் கையிலிருந்த காலி டம்ளரை அப்போதுதான் பார்த்தார். சேர்க்கைத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

எங்கோ பனிக்குள் ஒரு மணி கிணுகிணுத்தது.