வடகம் தின்ற வழக்கு

உலை கொதிப்பதற்குள் ஒரு வழக்குச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

ஒரே முற்றத்தைச் சுற்றி மூன்று வீடுகள். சொந்தக்காரி பஞ்சவர்ணம். மற்ற இரண்டில் ராசாமணியும் மலர்க்கொடியும் வாடகைக்கு இருந்தார்கள். ராசாமணியிடம் ஒரு வெள்ளாடு இருந்தது. அதன் பால்தான் அவள் கைக்குழந்தைக்கு. கழுத்தில் புண் என்று அன்று காலைதான் அதன் மணியைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தாள்.

பஞ்சவர்ணம் பாயில் வடகம் பிழிந்தாள். காக்கைகள் அண்டாதபடி பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து வைத்தாள். கோழியின் மேல் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடினாள்.

"அதுக்குப் பசிக்காதா அத்தை?" என்றாள் மலர்க்கொடியின் நாலு வயது மகள் செவ்வந்தி.

"போடி வாயாடி" என்று சொல்லிவிட்டுப் பஞ்சவர்ணம் போய்ப் படுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் செவ்வந்தி வீட்டுக்குள் ஓடினாள். "அம்மா, தட்டுல தண்ணி குடு. வடகம் உப்புக் கரிக்குதாம். சொம்பு வேணாம், மூக்கு எட்டாது."

வேலை மும்முரத்தில் யாருக்கென்று கேட்காமலே ஊற்றிக் கொடுத்தாள் மலர்க்கொடி.

பஞ்சவர்ணம் எழுந்து வந்து பார்த்தால், பாயின் ஒரு பக்கம் வடகம் கிளறிச் சிதறிக் கிடந்தது!

"ஏண்டி செல்லம், அந்த ஆடு எந்தப் பக்கமா வந்துச்சு?"

செவ்வந்தி யோசித்து, வாசலைக் காட்டினாள்.

"மணிச் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. கிணிங் கிணிங்னு."

"ராசாமணி! சாயங்காலம் ஆட்டு யாவாரி வர்றான். ஆட்டை வித்துடு, இல்ல வீட்டைக் காலி பண்ணு."

ராசாமணி ஓடி வந்தாள். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு செவ்வந்தியிடம் குனிந்தாள். "தங்கம், காக்காதானே தின்னுச்சு? எத்தனை காக்கா?"

"பத்து! ஒண்ணு குடைமேல உக்காந்துச்சு."

"அப்போ ஆடு பறந்து போயிடுச்சாக்கும்!" என்றாள் பஞ்சவர்ணம்.

மலர்க்கொடி மகளைத் தூக்கிக்கொண்டாள். "இனி இவளை யாரும் எதுவும் கேட்க வேணாம் மதினி. யாரும் கேட்கிறதுக்கு முன்னாடியே இவ ஒண்ணு சொன்னா."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். செவ்வந்தி பொய்க்காரியா? அவள் சொன்ன மூன்றில் எதை நம்புவது? வடகத்தைத் தின்றது யார்?

விடை: பிள்ளை பொய் சொல்லவில்லை. பெரியவர்கள் கேள்விக்குள்ளேயே ஆட்டையும் காக்கையையும் வைத்துக் கொடுத்தார்கள். அவை அவள் கண்ணுக்குள் வந்து நின்றுகொண்டன. இல்லாவிட்டால் ஆணியில் தொங்கும் மணி எப்படி ஒலிக்கும்? யாரும் கேட்காமல் சொன்னதுதான், சொம்புக்குள் மூக்கு எட்டாது என்றதுதான், அவள் பார்த்தது. பஞ்சாரத்துக்குச் செவ்வந்தியின் விளையாட்டுச் சொப்புச்சட்டி முட்டுக் கொடுத்திருந்தது. பசிக்குமே என்று அவள் தூக்கி வைத்த அந்தச் சந்து வழியாகக் கோழி வெளியே வந்து தின்றுவிட்டுத் திரும்பியிருந்தது. உள்ளே தட்டுத் தண்ணீரும், வயிறு புடைத்த கோழியும். "அட, என் வீட்டுத் திருடிதானா!" என்று சிரித்த பஞ்சவர்ணம், ஆட்டுக்கு அகத்திக்கீரை ஒடித்துப் போட்டாள். செவ்வந்தி மட்டும் இன்னும் அந்தப் பத்துக் காக்கையை விடவில்லை. குடைமேல் உட்கார்ந்ததற்கு ஒரு கால் நொண்டி என்று இப்போது புதிதாகச் சொல்கிறாள்.