நாலு மணி பஸ்ஸும் சென்னியப்பனின் லினக்ஸும்

சென்னியப்பன் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு, மீதியை மறுபடியும் பாதியாக்கினால் உண்மை கிடைக்கும் என்று அந்தியூர் பஸ் ஸ்டாண்டில் சொல்வார்கள். நான் அப்படிக் கழித்துப் பார்த்திருக்கிறேன். அப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.

அவர் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசையில் அவர் கடை. அடுத்த கடை பூங்கோதையின் டி.டி.பி. சென்டர். பூங்கோதையின் பழைய கம்ப்யூட்டர் ஒரு பக்கம் திறப்பதற்குள் நாம் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்ற நிலைக்கு வந்தபோது, அதில் இருந்ததை அழித்துவிட்டு லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தவர் சென்னியப்பன்தான். அன்று முதல் அது நன்றாகவே ஓடியது. அதை மறைக்கக் கூடாது. லினக்ஸ் என்பது காசில்லாமல் கிடைக்கிற சிஸ்டம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாமாம். எங்கள் ஊரில் திறந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதனால் உள்ளே எதைப் பார்த்தேன் என்று அவர் சொன்னாலும் மறுக்க ஆளில்லை.

ஆயுத பூஜை லீவு முடிந்து கடை திறந்த முதல் நாள் அது. கபடிப் போட்டி நோட்டீஸ் அடிக்கவேண்டியிருந்தது. அடித்த நோட்டீஸை வெட்டி, ஊர்வாரியாகக் கட்டுப் போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மலைக்குப் போகிற நாலு மணி பஸ்ஸில் கட்டுகள் ஏற வேண்டும். கண்டக்டர் ஊருக்கு ஒரு கட்டாக இறக்கிக்கொண்டே போவார். மலை மேல் போனுக்கு டவர் கிடையாது. நோட்டீஸ் போனால்தான் டீம் வரும். போட்டியோ நாளை மறுநாள்.

காலையில் கடை திறந்ததிலிருந்து ஒரு தாளும் வெளியே வரவில்லை. பிரிண்டரே இல்லை என்றது கம்ப்யூட்டர். பிரிண்டர் அதற்குப் பக்கத்திலேயே பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

போட்டிக் கமிட்டிக்காரர் நாச்சிமுத்து வாசல் பெஞ்சில் இருந்தார். "போன வருசமும் நோட்டீஸு லேட்டு. வந்தது ரெண்டே டீமு. அதுல ஒண்ணு நம்மூரு டீமு. கப்பு வாங்கறதுக்கு முன்னாலயே பாதிப் பேரு ஊட்டுக்குப் போயிட்டாங்க. இந்த வருசமும் அப்பிடின்னா என்னைக் கமிட்டில வெச்சிருக்க மாட்டாங்க அம்மிணி."

"எதுத்த பிரிண்ட் கடையும் பூட்டியிருக்குதுங்ண்ணா. பழனிக்குப் போயிட்டாங்க. இல்லாட்டி நானே அங்க அனுப்பியிருப்பேன்" என்றது பூங்கோதை. சின்னப் பெண், எங்கள் பக்கம் 'அது' என்றுதான் சொல்லுவோம்; அதன் முகம் வாடிப்போயிருந்தது. கடை ஆரம்பித்து அதற்கு வந்த முதல் பெரிய வேலை இது.

சென்னியப்பன் கீபோர்டின் முன்னால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது.

"எதுக்கு ரெண்டு பேரும் இப்பிடிப் பயப்படறீங்க? பவானியில ஒரு கண்ணால மண்டபம். அங்க கம்ப்யூட்டர்ல ஆறு மாசமாச் சத்தமே இல்ல. பாட்டுப் போடுவாங்க, ஊமையா ஓடும். மறுக்காப் போடுவாங்க, மறுக்கா ஊமையா ஓடும். நான் போயிப் பாத்தா, எவனோ சத்தத்த அமுக்கி வெச்சுட்டுப் போயிருக்கறான். ஒரே ஒரு கட்டளை. எடுத்து உட்டேன். ஆறு மாசமா உள்ள அடைஞ்சு கெடந்த சத்தம் மொத்தமும் ஒரே மூச்சுல வெளிய வந்துச்சு பாரு! கெட்டிமேளம் ஆத்துக்கு அக்கட்டால குமாரபாளையம் வரைக்கும் கேட்டுச்சு. அங்க மூணு மண்டபத்துல நல்ல நேரம் வர்றதுக்கு முன்னாலயே தாலி கட்டிப்போட்டாங்க."

"அந்த ஜோடியெல்லாம் இப்ப எப்பிடி இருக்குது?" என்றார் நாச்சிமுத்து.

"சௌக்கியமா இருக்கறாங்க மாப்ள. புள்ளைங்க மட்டும் கொஞ்சம் சத்தமாப் பேசுதுங்க."

சொல்லிக்கொண்டே எண்டர் தட்டினார். பிரிண்டர் இல்லை என்று வந்தது.

"அண்ணா, இதுக்கு ஏதோ டிரைவர்னு ஒரு புரோகிராம் போடோணும்னு சொல்லுவாங்களே?" என்றது பூங்கோதை.

"எல்லாம் போட்டதுதான் அம்மிணி. இருந்தாலும் மறுக்காப் போடறேன்." கட்டளையை அடித்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "இதாவது கேட்டதும் வருது. சத்தியமங்கலத்துல ஒரு மரக்கடையில கால்குலேட்டர் போட்டுக் குடுன்னாங்க. போடப் போனா, 'நான் வர்றனுங்க, ஆனா எம் பங்காளி ஒருத்தன் கூட வரோணும்'னுச்சு. லினக்ஸ்ல இது வழக்கந்தான். ஒரு புரோகிராமக் கூப்புட்டா அது ஒண்டியா வராது. சரி, வரட்டும்னேன். பங்காளி வந்து, 'மாமனக் கூப்புடாம நான் எப்பிடி?'ங்கறான். மாமன், 'சம்பந்தி ஊட்டுக்குச் சொல்லியாச்சா?'ங்கறான். பொழுது உளுகற வரைக்கும் ஒறம்பரைச் சனம் வந்து எறங்கிக்கிட்டே இருக்குது. ஹார்ட் டிஸ்க்குல உக்கார எடமில்ல, பாதிப் பேரு நின்னுக்கிட்டிருக்கறாங்க."

"அப்புறம்?"

"ஒரே ஒரு புரோகிராம் மட்டும் வரமாட்டேன்னு மொறுக்கிக்கிட்டு நார்வேல ஒரு சர்வர்ல உக்காந்துக்கிச்சு. வந்தவங்கள்ல ஒருத்தனுக்கும் அதுக்கும் ஆகாது. அவன் இருக்கற எடத்துல நான் இருக்க மாட்டேங்குது. நான் உட்டனா? தட்டுல வெத்தல, பாக்கு, தேங்கா, பழம் வெச்சு, இங்க இருக்கற இதே ஸ்கேனர்ல வெச்சு எடுத்து அனுப்பிச்சேன். மறுபேச்சில்லாம வந்துருச்சு."

பூங்கோதை அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டது. "அதான் போன மாசம் ஸ்கேனர் கண்ணாடியில சுண்ணாம்பு இருந்துச்சுங்களா? கடைசில கால்குலேட்டர் ஓடுச்சுங்களாண்ணா?"

"ஓடாம? வந்த ஒறம்பரைக்கு எத்தன எல போடோணும்னு கணக்குப் போட்டதே அதுதான்."

டிரைவர் வந்து சேர்ந்தது. பிரிண்டர் மட்டும் வந்து சேரவில்லை. சென்னியப்பன் விடாமல் ஒரு சோதனைப் பக்கத்துக்கு உத்தரவு கொடுத்தார். அது வரிசையில் போய் நின்றது. இன்னொன்று கொடுத்தார். அதுவும் முந்தியதன் பின்னால் நின்றது. காலையிலிருந்து அவர் அப்படி அனுப்பியது எத்தனை என்று நான் ஒரு தாளின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். தாள் நிறைந்துவிட்டதால் நிறுத்திக்கொண்டேன்.

"எடம் பத்தலையோ என்னமோ" என்றார் நாச்சிமுத்து, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"எடம்னா சொன்ன? கோபியில ஒரு அரிசி மில்லுல டிஸ்க்கு நெறஞ்சு கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சு. வாங்குன நாள்ல இருந்து குப்பைத்தொட்டியக் காலி பண்ணவே இல்ல அவங்க. மொத்தத்தையும் வழிச்சு வெளிய கொட்டினேன். பெட்டி லேசாயிருச்சு. லேசாகி, லேசாகி, மேசைய உட்டு மெல்ல எந்திரிச்சு மேல போகுது மாப்ள! ஓடிப்போயி ஃபேன ஆஃப் பண்ணேன், இல்லாட்டி அடிபட்டிருக்கும். மாட்டுக் கவுத்தப் போட்டுத் தூணுல கட்டிவெச்சோம். சாயங்காலம் பழைய சினிமாப் படம் ஒரு நாலு உள்ள ஏத்துனம் பாரு, அப்புறந்தான் கீழ எறங்குச்சு."

"நாலு படத்துக்கே எறங்கிருச்சா?"

"எல்லாம் அழுகைப் படம். அதுதான் நல்ல கனம்."

நாச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். எதிரே நாலு மணி பஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கிப் போய் டீக்கடையில் உட்கார்ந்தார். மணி மூன்று ஆகியிருந்தது.

"பஸ்ஸு வந்துருச்சு சென்னி. இனி கதைய நிறுத்து."

"கதையா? மாப்ள, நீ இப்பிடிப் பேசறதுனாலதான் நான் எல்லாத்தையும் வெளிய சொல்றதில்ல. பெருந்துறையில ஒரு எடத்துல திரை அப்பிடியே ஒறஞ்சு போச்சு. எலி நகரல, எழுத்து நகரல. லினக்ஸ்ல அதுக்குன்னே கொல்லுன்னு ஒரு கட்டளை இருக்குது. முரண்டு பண்ற புரோகிராம மட்டும் பாத்துக் கொன்னுபோடும். நான் கொஞ்சம் வெசையா அடிச்சுப்போட்டேன். அந்தப் புரோகிராம் நின்னுச்சு. பக்கத்து நூல்மில்லும் நின்னுச்சு. டீக்கடைப் பாய்லர் நின்னுச்சு. வாய்த்தகராறு பண்ணிக்கிட்டிருந்த ரெண்டு பேரு பாதிப் பேச்சுல நின்னுட்டாங்க. ரோட்டுல ஓடற லாரி ஓடற மேனிக்கே நின்னுச்சு."

"அப்பிடியா?" நாச்சிமுத்து எழுந்து வந்து மேசையில் கையை ஊன்றினார். "அப்ப அதே கட்டளைய இப்ப அடி. அந்த நாலு மணி பஸ்ஸு நாளைக்கு வரைக்கும் நவுறக் கூடாது."

சென்னியப்பன் ஒரு நொடி யோசித்தார். அவருக்கு ஒரு நொடி போதும்.

"அது கெவுருமெண்டு பஸ்ஸு மாப்ள. அதுக்கு டிப்போவுல பாஸ்வேர்டு வாங்கோணும்."

பூங்கோதை இப்போது சிரிக்கவில்லை. "அண்ணா, எனக்கு அழுகையே வந்துரும் போல இருக்குதுங்க. உங்கள நம்பித்தான் இதுல லினக்ஸ் போட்டேன். இன்னிக்கு இந்த நோட்டீஸு போகலீன்னா, எங்கடைக்கு இனி ஒருத்தரும் வரமாட்டாங்க. எதுனால இப்பிடி ஆச்சுன்னாவது சொல்லுங்க. பூஜைக்கு மொத நாள் நல்லாத்தான ஓடுச்சு?"

அதுவரை புளுகிய சென்னியப்பனுக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் உறைத்துவிட்டது. தன் கையில் குறை என்று நினைத்துவிட்டார்களோ என்று குரலை உயர்த்தினார்.

"எங்கையில குத்தமா? பூஜைக்கு இந்தக் கடையச் சுத்தம் பண்ணுனது யாரு? ஒவ்வொரு ஒயரா உருவி, தொடச்சு, திருப்பிச் சொருகுனது யாரு? பொட்டு வெச்சது யாரு? மத்தவன் பொட்டு வெச்சா மேலால ஒண்ணு வெப்பான், சாமி கும்புடுவான், பொரியத் தின்னுட்டுப் போவான். நான் அப்பிடிப்பட்ட ஆளா? சந்தனம் நானே அரைச்சது. அது என்ன சந்தனம்னு நெனச்ச? காஞ்சுதுன்னா சிமிட்டி! பவானிசாகர் அணையில கசிவு வந்தா என்னத்தான் கூப்புடுவாங்க, ஒரு சொம்பு அரைச்சுக் கொண்டுபோயி அப்பிட்டு வருவேன். தண்ணி ஒரு சொட்டு வராது. அந்தச் சந்தனத்த இந்த மெசினுக்கு முன்னால வெச்சேன், பின்னால வெச்சேன், அடியில வெச்சேன். கண்ணுக்குத் தெரியற எடத்துல மட்டும் வெச்சா சாமி ஏமாந்துருமா? தீக்குச்சியில தொட்டு, ஒயர் சொருகற ஓட்டைக்குள்ளயெல்லாம் உட்டு வெச்சேன்! அவ்வளவு பக்தியா வெச்சதுக்கு எங்கையில குத்தம்ங்கற!"



பூங்கோதை அவரையே பார்த்தது. பிறகு பிரிண்டரைப் பார்த்தது. சுவிட்சை அணைத்தது. பிரிண்டரின் பின்னால் கையை விட்டுக் கேபிளைப் பிடித்து இழுத்தது. வரவில்லை. காலை மேசையில் ஊன்றிக்கொண்டு இழுத்தது. 'டப்' என்று கழன்று வந்தது. கேபிளின் முனை முழுக்க மஞ்சளாக, கல் மாதிரி ஒரு கட்டி. கடையே கோயில் மாதிரி மணந்தது.

"ஓட்டைக்குள்ளயெல்லாம் உட்டீங்களாண்ணா?" என்றது மெதுவாக.

சென்னியப்பன் மடித்துவிட்ட சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.

பூங்கோதை தலையிலிருந்த ஊக்கை உருவிப் பிரிண்டர் ஓட்டையைச் சுரண்ட ஆரம்பித்தது. தான் அரைத்த சந்தனத்தைப் பற்றி சென்னியப்பன் சொன்னதில் மட்டும் கழிக்க ஒன்றும் இல்லை. சிமிட்டியேதான். ஊக்கு வளைந்தது. இன்னொரு ஊக்கு எடுத்தது. நாச்சிமுத்து சென்னியப்பன் கடைக்கு ஓடிப்போய்க் காயில் துடைக்கிற பிரஷ்ஷைக் கொண்டுவந்தார். நான் கேபிள் முனையைச் சுத்தம் பண்ணினேன். பொடியை ஊதித் தள்ளி, துடைத்து, திருப்பிச் சொருகி, சுவிட்சைப் போட்டதும் திரையில் பிரிண்டர் பேர் வந்துவிட்டது. எங்கேயும் போகாமல் இங்கேயே இருந்தது போல் வந்து உட்கார்ந்தது.

உடனே அது தாளைத் துப்ப ஆரம்பித்தது. எல்லாம் சென்னியப்பன் காலையிலிருந்து அனுப்பிய சோதனைப் பக்கங்கள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று பூங்கோதை அந்த வரிசையை முழுசாக அழித்துவிட்டு நோட்டீஸை அனுப்பியது. தாள் சூடாக விழுந்துகொண்டே இருந்தது. நான் வெட்டினேன். பூங்கோதை அடுக்கியது. சென்னியப்பன் வாயைத் திறக்காமல் கட்டுக்குச் சணல் போட்டார். அவர் போட்ட முடிச்சு நல்ல முடிச்சு. காயில் கட்டுகிற கை அல்லவா.

பஸ் ஹாரன் அடித்தது. நாச்சிமுத்து ஓடிப்போய் அதற்கு முன்னால் நின்றுகொண்டார். "மேல ஏத்திட்டுப் போறதுன்னா போங்க! நோட்டீஸு வராம நான் நவுற மாட்டேன்!" டிரைவர் திட்டினார். பயணிகள் ஜன்னலில் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தார்கள். அந்த இடைவெளியில் கடைசிக் கட்டையும் போட்டு, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் ரோட்டைத் தாண்டினோம்.

கண்டக்டர் ஒரு கட்டை வாங்கி மூக்கருகில் வைத்துப் பார்த்தார். "ஏனுங்க, நோட்டீஸு என்ன சந்தனமா மணக்குது?"

சென்னியப்பனுக்கு உயிர் வந்துவிட்டது.

"கண்டுபுடிச்சுட்டீங்களா! அதுதாங்க லினக்ஸு. மணத்தோட பிரிண்ட் அடிக்கற வசதி அதுல மட்டுந்தான் இருக்குது. காலைல இருந்து நான் உக்காந்து அதைத்தான் செட் பண்ணிக்கிட்டிருந்தேன். கொஞ்சம் நேரம் புடிச்சுது. அடுத்தது மல்லிகப் பூ மணம் பண்ணலாம்னு இருக்கறேன். அப்புறம் கல்யாணப் பத்திரிக்கையில சாம்பார் மணம். மோந்து பாத்துட்டுப் பாதிப் பேரு சாப்புடாமயே ஊட்டுக்குப் போயிருவாங்க, மண்டபத்துக்காரனுக்கு எவ்வளவு மிச்சம் பாருங்க!"

பஸ் கிளம்பிப் போனது. நாச்சிமுத்து ரோட்டோரத்தில் நின்று மூச்சு வாங்கினார். பூங்கோதை வளைந்துபோன ஊக்கைத் தலையில் சொருகப் பார்த்து, முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டது.

"அண்ணா, அந்தச் சந்தனம் இன்னும் மீதி இருக்குதுங்களா?"

"ஒரு கட்டி இருக்குது அம்மிணி. எதுக்கு?"

"பத்திரமா வெச்சிருங்க. பிரிண்டர் ஓட்டையில ஒரு பொட்டு வெச்சதுக்கே காலைல இருந்து ஒரு எழுத்து வெளிய வரல. அடுத்த பூஜைக்கு உங்க வாய்க்கு வெக்கறனுங்க."