தாடிக்காரர் போன இடம்

கடலைப் பார்த்தபடி ஒரு சமுதாயக் கல்லூரி இருந்தது. அதன் மாடியில் மூச்சைப் பற்றிப் படித்தார்கள். படித்து முடித்தவர்களுக்கு சுவாச சிகிச்சையாளர் என்று பெயர். மூச்சு முட்டி வருகிறவர்களுக்கு மெஷின் வைத்து, கூடவே இருந்து, கரையேற்றுகிற வேலை.

அங்கே சொல்லிக்கொடுத்தவர் சலேத் டீச்சர். முப்பது வயது இருக்கும். படிக்க வந்தவர்களில் ஒருவர் கொம்பையா. டீச்சர் வயதில் அவருக்கு ஒரு மகள் இருந்தாள். டீச்சர் அவரை அண்ணாச்சி என்றார். வகுப்புப் பிள்ளைகள் பெரியப்பா என்றார்கள்.

கொம்பையா அதற்கு முன் சங்குப் படகில் இருந்தவர். கடலடியில் சங்கு எடுக்கிறவர்களுக்கு மேலிருந்து கம்ப்ரசர் ஓட்டி, ரப்பர் குழாயில் காற்று அனுப்புவார். முதல் நாள் டீச்சர் எல்லாரிடமும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்.

"மூச்சுக் கொடுக்கதுதான் டீச்சர் எனக்குத் தெரிஞ்ச வேலை" என்றார் கொம்பையா.

டீச்சர் அடுத்தவரிடம் போனார்.

அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிக்கு மாட்டுகிற மாஸ்க்கை ஒவ்வொருவரும் முதலில் தன் முகத்தில் மாட்டிக்கொண்டு, மெஷின் தருகிற காற்றில் கொஞ்ச நேரம் படுத்திருக்க வேண்டும். எல்லாரும் படுத்து எழுந்தார்கள். கொம்பையா மட்டும் படுக்கவில்லை. அவருக்கு நெஞ்சு வரை தாடி. தாடியில் மாஸ்க் ஒட்டாது. காற்று கசிந்துவிடும்.

"திருச்செந்தூருக்கு நேர்ந்தது டீச்சர். எடுக்கக் கூடாது."

"முருகன் எப்பத்தான் கூப்பிடுவாராம் பெரியப்பா?" என்றது ஒரு பிள்ளை.

"அவரும் மாஸ்க்குக்குள்ள கெடக்காராம். பேச முடியலையாம்" என்றது இன்னொன்று.

கொம்பையாவும் சேர்ந்து சிரித்தார். அப்படியே நாள் போயிற்று.

பிறகு பக்கத்து ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகும் காலம் வந்தது. கொம்பையாவுக்கு வாய்த்தவர் இசக்கியம்மாள். புரோட்டாக் கடை வைத்திருந்தவர். விறகடுப்புப் புகை நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் சொல்லுவார்.

கொம்பையா மெஷினில் எல்லாவற்றையும் சரியாக வைத்தார். மாஸ்க்கைப் பொருத்தினார். பட்டையை இறுக்கினார்.

"இழுங்கம்மா. விடுங்க. இழுங்க. விடுங்க."

இசக்கியம்மாள் மாஸ்க்கைப் பிடுங்கிக் கட்டிலுக்குக் கீழே போட்டார்.

"நீயே... இழு" என்றார். "நீயே... விடு."

கொம்பையா இன்னொரு தடவை மாட்டினார். இசக்கியம்மாள் இன்னொரு தடவை பிடுங்கினார். மூன்றாவது தடவை நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்தத் தாடிக்காரன்... என்னைக் கொல்லுதான்."

டாக்டர் வந்து பார்த்தார். "சாயங்காலம் ரத்தம் எடுத்துப் பார்ப்போம். இப்படியே இருந்தா தொண்டைக்குள்ள டியூப் போட்டாகணும். இந்த நெஞ்சுக்கு டியூப்பைப் போட்டுட்டா, திரும்ப எடுக்கது லேசுப்பட்ட காரியம் இல்ல" என்றார்.

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இசக்கியம்மாளை நர்ஸிடம் விட்டுவிட்டு, கொம்பையா மாடிக்கு வந்தார். டீச்சர் குழாய்களைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், மெஷின்ல தப்பு இல்ல. அந்தம்மா எப்ப மெஷின் சொல்லுத மாதிரி மூச்சு விடப் பழகுவாங்க?"

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எதிர்க்க சலூன் திறந்திருக்கா அண்ணாச்சி?"

கொம்பையா ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே கடல் வெயிலில் தூங்குவது போலக் கிடந்தது. திரும்பாமலே சொன்னார்.

"சாமிக்கு நேரல டீச்சர்."

"தெரியும்."

"இத்தனை வருசம் படகுல நின்னேன். ஒரு தடவைகூட உள்ள இறங்கினது இல்ல. மூஞ்சியில எதையாவது வச்சு மூடினா எனக்கு ஆகாது."

"சலூன்ல கூட்டம் சேர்றதுக்குள்ள போயிட்டு வந்திருங்க" என்றார் டீச்சர்.

போய்விட்டு வந்தார். தாடி இல்லாத கன்னம் வெளுப்பாக, புதுசாக இருந்தது. படியில் எதிரே வந்த பிள்ளைகள் யாரோ என்று விலகி வழிவிட்டார்கள்.

கட்டிலில் படுத்தார். டீச்சர் மாஸ்க்கை வைத்துப் பட்டையை இறுக்கினார். மெஷினைப் போட்டார்.

"இழுங்க" என்றார்.

கொம்பையா அப்போதுதான் விடத் தொடங்கியிருந்தார்.

"விடுங்க" என்றார் டீச்சர்.

அவருக்கு அப்போது இழுக்க வேண்டும் போலிருந்தது. காற்று ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம், நெஞ்சு ஒரு பக்கம். கண் இருட்டியது. பட்டையோடு பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். மேலெல்லாம் வேர்த்திருந்தது.

டீச்சர் மாஸ்க்கைத் தரையிலிருந்து எடுத்துத் துடைத்தார். அவர் கையில் கொடுத்தார். பட்டையைத் தொடவில்லை.

"நீங்களே வச்சுப் பாருங்க. வேண்டாம்னா எடுத்திருங்க."

கொம்பையா படுத்து, தானே மாஸ்க்கை முகத்தில் வைத்தார். டீச்சர் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அறை அமைதியாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பயந்து பயந்து துளி மூச்சு இழுத்தார். அவர் இழுத்த பிறகுதான் காற்று வந்தது. எங்கேயோ வாசலில் நின்றிருந்தது போல வந்தது. விட்டார். போயிற்று. மறுபடி காத்திருந்தது.

மேல்கூரையில் கடல் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. அது பச்சையாயிற்று. பிறகு நீலமாயிற்று.

கொம்பையா கடலடியில் கிடந்தார். மணல் மெத்தையாக இருந்தது. பல்லிடுக்கில் ஒரு ரப்பர் குழாய், அது வளைந்து வளைந்து மேலே போயிற்று. மேலே ஒரு படகு நின்றது. அவருடைய படகுதான். அதன் அடிவயிற்றை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். பாசி பிடித்து, பால் குடித்த ஆட்டுக்குட்டியின் வயிறு போல அழகாக இருந்தது. அதன் விளிம்பில் ஒரு தாடிக்காரர் குனிந்து, வாயைத் திறந்து திறந்து என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். கீழே ஒன்றும் கேட்கவில்லை. பாவமாக இருந்தது. சிறு மீன்கள் வந்து கொம்பையாவின் கன்னத்தைப் பார்த்துவிட்டுப் போயின.

கண்ணைத் திறந்தபோது டீச்சர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டாவது தடவை மெஷின்ல என்ன மாத்துனீங்க டீச்சர்?"

"மெஷினைத் தொடல."

"அப்புறம்?"

"வாயை மூடிக்கிட்டேன்."

கொம்பையா எழுந்து வார்டுக்குப் போனார். டீச்சர் கூடப் போகவில்லை.

இசக்கியம்மாள் உட்கார்ந்தபடி, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து நின்ற ஆளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ... யாரு?"

"மெஷின்காரன்மா."

"அந்தத் தாடிக்காரன்... எங்க? அவன் வந்தா... வச்சுக்கிட மாட்டேன்."

"அவர் இல்லம்மா. போயிட்டாரு."

இசக்கியம்மாளுக்கு அதில் கொஞ்சம் நிம்மதி. கொம்பையா மாஸ்க்கை அவர் கையிலேயே கொடுத்தார். பட்டை சும்மா தொங்கிற்று.

"நீங்களே வச்சுப் பாருங்கம்மா. வேண்டாம்னா எடுத்திருங்க."

வைத்தார். எடுத்தார். கொம்பையா ஒன்றும் சொல்லவில்லை. வைத்தார். எடுத்து, "புரோட்டா மாவு... இப்படித்தான்... வா வான்னா வராது" என்றார். திரும்ப வைத்தார். கொம்பையா அவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். அது ஏறும்போது காற்று வந்தது. அது இறங்கும்போது காற்று போயிற்று. வெளியே வெயில் இறங்கியது. இசக்கியம்மாளின் கை தளரத் தளர, கொம்பையாவின் கை அந்த இடத்துக்கு வந்தது. எந்த நேரத்தில் கை மாறியது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. பிறகு பட்டையை மெல்ல மாட்டினார். இசக்கியம்மாள் தூங்கிப்போயிருந்தார்.

சாயங்காலம் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் முடிவைப் பார்த்தார். டியூப் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

விளக்குப் போடும் நேரத்துக்கு டீச்சர் வந்தார். கொம்பையா கட்டிலை விட்டு நகராமல் நின்றுகொண்டிருந்தார். பழக்கத்தில் கை தாடியைத் தடவப் போய், தாடி இல்லாமல் திரும்பி வந்தது.

"டீச்சர்" என்றார் தாழ்ந்த குரலில். "முழிச்சா அந்தத் தாடிக்காரன் எங்கன்னு மறுபடி கேப்பாங்க. போயிட்டாருன்னு சொல்லிட்டேன். எங்க போயிட்டாருன்னு கேட்டா என்ன சொல்லுதது?"

டீச்சர் இசக்கியம்மாளின் போர்வையை இழுத்துவிட்டார்.

"சங்கு எடுக்க உள்ள இறங்கியிருக்காருன்னு சொல்லுங்க அண்ணாச்சி."