ஒரு சாண் உசரம்

"தாயே, இந்த வருசமும் தேரை ஒரு சாண் உசத்தணும்னு ஊர்ல சொல்லுதாங்க. நீங்க என்ன சொல்லுதீங்க?"

கேட்டது மாசானம். ஊர்த் தலைவர். மடத்துக்கு வந்தால் மட்டும் வெறும் தரையில் உட்காருவார்.

மடத்து அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உசத்தாட்டா?"

"ஊர் வளரலைன்னு ஆயிரும். தேரோட உசரத்தைப் பாத்துத்தான் வெளியூர்க்காரன் கடைக்குச் சரக்கு கொடுக்கான், பொண்ணு கொடுக்கான். போன வருச உசரத்துலயே நின்னா, 'என்னவே, யாவாரம் படுத்துட்டோ?'ம்பான்."

அம்மா சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க தாயே. வளராம ஒரு ஊர் பிழைக்குமா? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அம்மா அடுத்த பூவை எடுத்தாள்.

"போன வருசம் தேர் எந்தெந்தத் தெருவுக்குப் போச்சு?"

"கிழக்குத் தெரு மட்டுந்தான். உசரம் கூடிப்போச்சுல்லா? முக்குல திருப்புனா சாஞ்சிரும்னு ஆசாரி நிறுத்திட்டாரு."

"முன்னெல்லாம்?"

"நாலு தெருவும் சுத்தி வரும்."

"உன் வீடு தெக்குத் தெருதானே?"

"ஆமா."

"உலகம்மையை வாசல்ல உக்கார வச்சீங்களா?"

மாசானம் தலையைக் குனிந்துகொண்டார்.

உலகம்மை அவர் மனைவி. கால் விழுந்து படுக்கையில் கிடந்தவள். கோயிலுக்குப் போக முடியாது. தேர் அன்றைக்கு மட்டும் அவளைத் தூக்கி வாசலில் உட்கார வைப்பார்கள். சாமி வாசலுக்கு வரும்.

"வச்சோம். விடியமுன்ன எந்திச்சு, தலைக்கு ஊத்திவிடச் சொன்னா. பட்டு கட்டிவிடச் சொன்னா. நான் தேர்கிட்டயே நின்னுட்டேன். பொழுது சாய வீட்டுக்குப் போறேன், அப்பவும் வாசல்லதான் இருக்கா. கையில சூடத் தட்டு. 'கொட்டுச் சத்தம் கேட்டுச்சே, தேர் எங்க வருது?'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"இம்புட்டு உசரத் தேர் சுத்துப்பட்டுல எங்கயும் கிடையாதுன்னு சொன்னேன்."

அம்மாவின் கை பூவில் நின்றது.

மாசானம் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்தும் கண்ணீர் நிற்கவில்லை.

"மாசியில அவ போயிட்டா."

"தெரியும்."

"இனி தேர் தெக்குத் தெருவுக்குத் திரும்பினா என்ன, திரும்பாட்டா என்ன தாயே?"

அம்மா பூச்சரத்தை அறுத்து அவர் கையில் வைத்தாள்.

"அந்தத் தெருவுல ஒரு வாசல்தானா இருக்கு, மாசானம்?"