சக்கை கொட்டும் இடம்

சீனத்து மலையூர் ஒன்றில் சூலான் என்ற பெண் வைத்தியரிடம் குவான் சீடராக இருந்தார். குருவைவிட வயதில் மூத்தவர். முன்பு சமையல்காரர். ருசி பார்த்தே வளர்த்த வயிறு, ஆளுக்கு முன்னால் வாசலுக்குள் நுழையும்.

சிரிக்கிற விஷயமில்லை. சர்க்கரை நோய் முற்றி அவருடைய அப்பாவின் இரண்டு கால்களையும் எடுக்க வேண்டியிருந்தது. இப்போது குவானின் கால்விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. அவருக்குப் பயம் வந்துவிட்டது.

“குருவே, என் கால் எனக்கு வேண்டும். கொழுப்பைக் கரைக்கும் மூலிகை எது? எவ்வளவு கசந்தாலும் குடிக்கிறேன்.”

சூலான் காய்ந்த தாமரை இலையும் ஆரஞ்சுத் தோலும் எடுத்துக் கொடுத்தார்.

“தினமும் கசாயம் வைத்துக் குடியுங்கள். சக்கையை மலையுச்சியில், வணிகர்கள் கூடும் சந்தியில் கொட்டுங்கள்.”

மருந்துச் சக்கையைப் பாதையில் கொட்டுவது அந்த ஊர் வழக்கம். மிதித்துப் போகிறவர்களோடு நோயும் போய்விடும் என்பார்கள். ஆனால் எல்லோரும் வீட்டுக்கு எதிரிலேயே கொட்டிவிடுவார்கள்.

“வாசலில் கொட்டினால் ஆகாதா?”

“வாசலோடு போகிற நோயா இது?”

ஒரு மாதம் போனது. குவான் அப்படியேதான் இருந்தார்.

“மருந்து கேட்கவில்லை, குருவே.”

சூலான் வெளியே எட்டிப் பார்த்தார். தினமும் குவானை உச்சிவரை சுமந்து போய் வந்த கழுதை, விலா எலும்பு தெரிய நின்றுகொண்டிருந்தது.

“யார் சொன்னது? கழுதைக்கு நன்றாகக் கேட்டிருக்கிறதே!”

குவானை வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் அவர் கழுதையை அவிழ்க்கவில்லை. சக்கைப் பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். குருவும் கூட வந்தார்.

பாதி வழியில் மூச்சு முட்டியது. தொடை வெடவெடவென்று நடுங்கியது. ஒரு பாறையில் உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்கவே மனமில்லை.

“இதுவும் பாதைதானே, குருவே. இங்கேயே கொட்டிவிடட்டுமா?”

“தாராளமாக.”

குவான் பானையைச் சாய்க்கப் போனார்.

“ஆனால் வணிகர்கள் மலைக்கு அந்தப் பக்கமாகத்தான் வருவார்கள், இந்தப் பக்கம் வேறு யாரும் வருவதில்லை,” என்றார் சூலான். “இறங்கும்போது நான் தாண்டிப் போய்விடுவேன். மிதிக்கப் போவது நீங்கள்தான்.”

குவான் பானையை நிமிர்த்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, உச்சியைப் பார்த்து நடந்தார்.